அமெரிக்க நம்பர் பிளேனை ஐரோப்பாவுல வச்சு ஓட்டுறது எப்படி: முழுமையான வழிகாட்டி

பாண்டி நம்பர் காரை சென்னையில ஓட்டுற கதை நம்ம எல்லாருக்கும் தெரியும், வரி கம்மின்னு அங்க ரெஜிஸ்டர் பண்ணிட்டு இங்க கொண்டு வந்து ஓட்டுவாங்க, ஆனா 12 மாசத்துக்கு மேல இங்கயே வச்சிருந்தா டிஎன் நம்பருக்கு மாத்தணும்னு மோட்டார் வாகன சட்டம் சொல்லுது. பிளேன்லயும் இந்த மாதிரி வேலை நடக்குது. ஜெர்மனியிலயோ நெதர்லாந்துலயோ ஒரு சின்ன ஏர்ஃபீல்டுக்கு போய் பாருங்க, அமெரிக்க நம்பர் போட்ட பிளேன் ஒண்ணு ரெண்டாவது வருஷக்கணக்கா அங்கயே நிக்கும், ஓட்டுறவர் பக்கத்து ஊர்க்காரரா இருப்பார். இதுக்கு 'என் ரெஜ்'னு பேரு. "என்னோட ரெஜ்" இல்லங்க, இங்கிலீஷ் எழுத்து என், அமெரிக்க நம்பர் எல்லாம் அதுல தான் ஆரம்பிக்கும்.

ஏன் இப்படி பண்றாங்கன்னா பல காரணம். சிர்ரஸ், பைப்பர், பீச்கிராஃப்ட் எல்லாம் அமெரிக்காவுல செஞ்ச பிளேன், வாங்கும்போதே என் நம்பரோட வரும், புதுசா ஏதாவது கருவி மாட்டணும்னா அமெரிக்க அப்ரூவல் ஈசியா கிடைக்கும், அப்புறம் மேகத்துக்குள்ள ஓட்டுறதுக்கான இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங் (சுருக்கமா ஐஆர்) ஒரு காலத்துல ஐரோப்பாவுல ஏழு பரிட்சை, அமெரிக்காவுல ஒண்ணே ஒண்ணு. இப்ப ஐரோப்பாவும் இறங்கி வந்துடுச்சு, 2014-ல சுலபமான வழி ஒண்ணு, 2021-ல பேசிக் ஐஆர்னு இன்னொண்ணு கொண்டு வந்தாங்க, அதனால அந்த காரணம் பாதி போச்சு.

நான் ஜெர்மனியில இருக்கேன், ஒரு என் ரெஜ் பிளேன்ல கால் பங்கு வச்சிருக்கேன். கீழ இருக்கிறது ஐரோப்பிய யூனியன்ல குடியிருக்கிற ஒருத்தர் அமெரிக்க நம்பர் பிளேனை சொந்தமா வச்சு ஓட்டுறதுக்கான விஷயம். பிரிட்டன் இப்ப தனி வீடு, வர்ற இடத்துல சொல்றேன்.

ஸ்டெப் 1: நாலு கேள்விய ஒரு பேப்பர்ல எழுதுங்க

எல்லா தப்பும் இங்க தான் ஆரம்பிக்குது. ஜனங்க வால்ல இருக்கிற நம்பர மட்டும் பார்த்துட்டு "அமெரிக்க பிளேன், அமெரிக்க ரூல், அவ்வளவுதான்"னு முடிவு பண்ணிடுறாங்க. கேக்க வேண்டியது நாலு: பிளேன் எந்த நாட்டு ரெஜிஸ்டர்ல இருக்கு? அது எந்த நாட்டுல தூங்குது? அதை ஓட்ட வைக்கிற ஆள், அதாவது ஆபரேட்டர், எங்க குடியிருக்கார்? பைலட்டோட லைசன்ஸ் எந்த நாடு குடுத்தது? நாலுக்கும் நாலு வேற சட்டம். நம்பர் முடிவு பண்றது முதல் கேள்விய மட்டும் தான்.

அந்த முதல் கேள்விக்கு அடிப்படை 1944 சிகாகோ ஒப்பந்தம். 17-வது பிரிவு பிளேனுக்கு எந்த நாட்டுல ரெஜிஸ்ட்ரேஷனோ அந்த நாட்டு குடியுரிமைங்குது, 18-வது ஒரே நேரத்துல ரெண்டு நாட்டுல ரெஜிஸ்டர் பண்ணா செல்லாதுங்குது. 31-வது பிரிவுப்படி பிளேன் பறக்கத் தகுதியானதுன்னு சர்டிபிகேட் குடுக்கிறது ரெஜிஸ்டர் பண்ண நாடு, 33-வது பிரிவு அதை மத்த நாடெல்லாம் ஏத்துக்கணும்னு சொல்லுது. ஆனா 32-ல ஒரு சின்ன வாசகம் ஒளிஞ்சிருக்கு: தன் குடிமகனுக்கு வேற நாடு குடுத்த லைசன்ஸ தன் வானத்துல ஏத்துக்க மாட்டேன்னு ஒரு நாடு சொல்லலாம். வீட்டுல சொந்தமா கட்டின எக்ஸ்பெரிமெண்டல் பிளேனுக்கு அந்த 33-வது பிரிவோட பாதுகாப்பே கிடையாது, ஒவ்வொரு நாட்டுலயும் தனித்தனியா அனுமதி வாங்கணும், அதனால அது வேணாம், முழு ஸ்டாண்டர்ட் சர்டிபிகேட் இருக்கிற பிளேனா பாருங்க.

ஸ்டெப் 2: யார் பேர்ல வைக்கிறது

அமெரிக்க ரெஜிஸ்டர்ல தன் பேர்ல போடணும்னா குடிமகனா இருக்கணும் இல்ல கிரீன் கார்டு வச்சிருக்கணும். நம்ம ஆளுங்க உடனே கேப்பாங்க, "அமெரிக்காவுல டெலவேர் மாநிலத்துல ஒரு கம்பெனி திறந்தா போதாதா?"ன்னு. போதாது. கம்பெனிய அமெரிக்க குடிமகனா மதிக்கணும்னா பிரசிடெண்ட் அமெரிக்கரா இருக்கணும், டைரக்டர்ங்க மூணுல ரெண்டு பங்கு அமெரிக்கரா இருக்கணும், ஓட்டு உரிமையில 75 சதவீதம் அமெரிக்கர் கையில இருக்கணும். அப்படி இல்லாத அமெரிக்க கம்பெனியும் ரெஜிஸ்டர் பண்ணலாம், ஆனா பிளேன் அமெரிக்காவுலயே தங்கி, பறக்கிற நேரத்துல 60 சதவீதமாவது அங்க ஓடணும். ஐரோப்பாவுல வைக்கிறவங்களுக்கு அது கதைக்கு உதவாது.

அதனால எல்லாரும் போற வழி டிரஸ்ட். அமெரிக்க டிரஸ்டி ஒருத்தர் சட்டப்படி ஓனர், நீங்க பயனாளி. டிரஸ்டிய ஆட்டி வைக்கிற அதிகாரத்துல அமெரிக்கர் அல்லாதவங்களுக்கு 25 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாது. இந்த ஏற்பாட்டை எஃப்ஏஏ, அதான் அமெரிக்க விமானத்துறை, 2013-ல கொஞ்சம் இறுக்கிடுச்சு, பிளேன் எங்க இருக்கு யார் ஓட்டுறாங்கன்னு கேட்டா டிரஸ்டி ரெண்டு வேலை நாளுக்குள்ள சொல்லணும். அதாவது பிளேன் இடம் மாறுனா, பங்குதாரர் மாறுனா, டிரஸ்டிக்கு ஒரு மெயில் போட்டே ஆகணும்.

டிரஸ்ட்ல ரெண்டு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க. ஒண்ணு, ரெஜிஸ்ட்ரேஷன் சர்டிபிகேட்ல உங்க பேரே இருக்காது, ஏதோ ஒரு ஏர்போர்ட்ல செக் பண்ண வர்ற அதிகாரிக்கு "இது யாரோட பிளேன், நீங்க யாரு"ன்னு சந்தேகம் வரும், அதனால டிரஸ்டி குடுத்த அனுமதி கடிதம் ஒண்ணு பிளேன்லயே இருக்கட்டும். ரெண்டாவது, ரெஜிஸ்ட்ரேஷனுக்கு எக்ஸ்பைரி உண்டு. 2023 ஜனவரியில இருந்து 7 வருஷம், அதுக்கு முன்னாடி 3 வருஷம் தான். டிரஸ்டி பார்த்துக்குவார்னு விட்டுடாதீங்க, தேதிய நீங்களும் காலண்டர்ல போடுங்க, ரெஜிஸ்ட்ரேஷன் போனா பிளேனுக்கு நாடே கிடையாது, இன்சூரன்ஸும் கைய விரிச்சுடும்.

ஸ்டெப் 3: கொண்டு வர்றது

அமெரிக்காவுல வாங்குனா, ரெஜிஸ்ட்ரேஷன் அப்ளிகேஷனோட காப்பிய வச்சு தற்காலிகமா ஓட்டலாம், பழைய ஆளுங்க அதை பிங்க் ஸ்லிப்புனு சொல்வாங்க. அது அமெரிக்க எல்லைக்குள்ள மட்டும் தான் செல்லும். அட்லாண்டிக் தாண்டணும்னா கையில ஒரிஜினல் சர்டிபிகேட் வரணும் இல்ல எஃப்ஏஏ குடுக்கிற 'ஃப்ளை வயர்'ங்கிற தற்காலிக சர்டிபிகேட் வாங்கணும். கூடுதல் பெட்ரோல் டேங்க் மாட்டி எடை கூடுனா ஸ்பெஷல் ஃப்ளைட் பர்மிட் வேணும், அந்த பர்மிட்ட தாண்டிப் போற நாடெல்லாம் தானா ஏத்துக்காது, ஒவ்வொருத்தர்கிட்டயும் கேக்கணும். இதெல்லாம் பிளேனை இங்க ஓட்டிக் கொண்டு வந்து சேர்க்கிற ஃபெர்ரி பைலட் பண்ணுவார், அவர் காசுக்கு கொஞ்சமும் யோசிக்காதீங்க. நாங்க ஐரோப்பாவுல ஏற்கனவே இருந்த பிளேனை வாங்குனோம், அதனால இந்த தலைவலி இல்லாம தப்பிச்சோம்.

ஸ்டெப் 4: வாட் வரி, இதுல தான் நிறைய பேர் மாட்டுறாங்க

பிளேன் அமெரிக்க நம்பர்ல இருக்கிறதால ஐரோப்பிய வரி கிடையாதுன்னு நினைக்கிறது பெரிய தப்பு. சுங்கத்துறைக்கு உங்க பிளேன் ஒரு பொருள், பெட்டி மாதிரி. அது யூனியனுக்குள்ள நிரந்தரமா வந்தா இறக்குமதி, இறக்குமதின்னா வாட். ஜெர்மனியில 19 சதவீதம், பிரான்ஸ்ல 20, டென்மார்க்ல 25, ஹங்கேரியில 27. பதிவான சிவில் விமானத்துக்கு சுங்க வரி பொதுவா 0 தான், வலி எல்லாம் வாட்ல. ஏதாவது ஒரு உறுப்பு நாட்டுல ஒரு தடவ கட்டிட்டா 'ஃப்ரீ சர்குலேஷன்'னு சொல்வாங்க, யூனியன் முழுக்க சுத்தலாம்.

கட்டாம இருக்க ஒரு வாசல் இருக்கு, டெம்பரரி அட்மிஷன். வெளிநாட்டுல குடியிருக்கிறவர், வெளிநாட்டு ஆள் பேர்ல பதிவான பிளேனை சொந்த உபயோகத்துக்கு கொண்டு வந்தா 6 மாசம் வரைக்கும் வரி இல்லாம வச்சுக்கலாம். படகுக்கு 18 மாசம், பிளேனுக்கு 6 தான், ஏன்னு கேக்காதீங்க. இங்க சிலர் போடுற கணக்கு என்னன்னா, "டிரஸ்டி அமெரிக்கர் தானே, பிளேன் அவர் பேர்ல தானே இருக்கு, அப்ப எனக்கும் இது பொருந்தும்". பொருந்தாது. ஓட்டுறவர் யூனியன்ல குடியிருக்கிறவரா இருந்தா இந்த சலுகை உடைஞ்சு போயிடும், எப்பவாவது ஒரு தடவ ஓனர் சொல்லி ஓட்டலாம், அதுவும் அந்த ஓனர் அந்த நேரத்துல யூனியனுக்குள்ளயே இருக்கணும். ஓக்லஹோமாவுல உக்காந்திருக்கிற டிரஸ்டி உங்களுக்காக பிளைட் ஏறி வரமாட்டார்.

பழைய பிளேன் வாங்குறவங்க முதல்ல கேக்க வேண்டிய பேப்பர் இது தான், எந்த நாட்டுல எப்ப இறக்குமதி ஆச்சு, வாட் கட்டுன டாக்குமெண்ட் எங்க. விக்கிறவர் "எல்லாம் கட்டியாச்சு சார்"னு சொன்னா நம்பாதீங்க, பேப்பர பாருங்க. பிரிட்டன்ல இருந்து வாங்குனா இன்னும் கவனம், ஏன்னா 2020 டிசம்பர் 31 ராத்திரி பிளேன் எந்த பக்கம் நின்னுச்சுங்கிறத வச்சு தான் அது யூனியன் பொருளா பிரிட்டன் பொருளான்னு முடிவாச்சு. அதுக்கு முன்னாடி லண்டன் பக்கத்துல வாட் கட்டுன பேப்பர் மட்டும் போதாது, அன்னைக்கு ராத்திரி அது எங்க இருந்துச்சுங்கிறதுக்கு ஹாங்கர் (பிளேன் நிறுத்துற கொட்டகை) பில்லு, லாக் புக் என்ட்ரின்னு ஏதாவது சாட்சி வேணும்.

ஸ்டெப் 5: லைசன்ஸ்

இது ரெண்டு பூட்டு, ரெண்டு சாவி. முதல் பூட்டு அமெரிக்காவோடது: என் ரெஜ் பிளேனை ஓட்ட எஃப்ஏஏ சர்டிபிகேட் வேணும். ஒரு விலக்கு உண்டு, எந்த நாட்டு வானத்துல பறக்கிறீங்களோ அந்த நாடு குடுத்த லைசன்ஸ் இருந்தா போதும். ஜெர்மன் லைசன்ஸ வச்சு ஜெர்மனிக்குள்ள என் ரெஜ் ஓட்டலாம். அப்படியே ரைன் நதிய தாண்டி பிரான்ஸுக்குள்ள போனீங்கன்னா லைசன்ஸ் இல்லாம ஓட்டுன கணக்கு, ஐரோப்பிய லைசன்ஸ் எல்லாம் ஒரே மாதிரி தானேங்கிறது இங்க எடுபடாது, குடுத்தது எந்த நாடுங்கிறது தான் கேள்வி.

ரெண்டாவது பூட்டு ஐரோப்பாவோடது: ஆபரேட்டர் யூனியன்ல குடியிருந்தா, பிளேன் எந்த நாட்டு நம்பரா இருந்தாலும், பைலட் ஐரோப்பிய லைசன்ஸ் வச்சிருக்கணும். இதை அமலுக்கு கொண்டு வர தேதி குடுத்து குடுத்து தள்ளிப் போட்டுட்டே இருந்தாங்க, 2012-ல ஆரம்பிச்சு கடைசியா 2022 ஜூன் வரைக்கும், இடையில 2021 மே மாசம் ரெண்டு பக்கமும் லைசன்ஸ் மாத்திக்க ஒரு சுலபமான ஒப்பந்தம் போட்டாங்க. பத்து வருஷமா "இன்னும் தள்ளிப் போவாங்க"ன்னு வெறும் அமெரிக்க லைசன்ஸ்ல ஓட்டுனவங்க கடைசியில ஓடி ஓடி மெடிக்கல் எடுத்தாங்க.

ஐரோப்பிய லைசன்ஸ் ஏற்கனவே இருக்கிறவங்களுக்கு எஃப்ஏஏ பக்கம் சுலபமான வழி, அவங்க விதியில 61.75-ன்னு ஒரு பிரிவு, உங்க லைசன்ஸ அடிப்படையா வச்சு ஒரு அமெரிக்க பிரைவேட் சர்டிபிகேட் குடுப்பாங்க. பரிட்சை இல்ல, உங்க நாட்டு அத்தாரிட்டி உங்க லைசன்ஸ் நிஜம்னு எழுதி அனுப்பணும், அந்த கடிதம் 6 மாசம் செல்லும், அதுக்குள்ள அப்பாயிண்ட்மெண்ட் முடிக்கணும். இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங்கும் சேத்து வேணும்னா ஒரு எழுத்து பரிட்சை எழுதணும். இதோட பொடி வச்ச விஷயம் என்னன்னா அந்த பிளாஸ்டிக் கார்டுல உங்க ஐரோப்பிய லைசன்ஸ் நம்பர் அச்சடிச்சிருக்கும். அந்த நம்பர் மாறுனா கார்டு செல்லாது. பிரெக்ஸிட் சமயத்துல பிரிட்டிஷ் லைசன்ஸ அயர்லாந்துக்கோ ஆஸ்திரியாவுக்கோ மாத்துனவங்களுக்கு நம்பரும் மாறிடுச்சு, அமெரிக்க கார்டும் அன்னைக்கே செத்துடுச்சு. என்னை கேட்டா, முடிஞ்சா அமெரிக்காவுலயே பரிட்சை எழுதி தனி சர்டிபிகேட் வாங்கிடுங்க, யாரையும் தொங்கிட்டு நிக்க வேண்டியதில்ல.

எந்த கார்டா இருந்தாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ அமெரிக்க இன்ஸ்ட்ரக்டர்கிட்ட ஃப்ளைட் ரிவ்யூ முடிக்கணும், ஐரோப்பிய இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்து இதுக்கு ஆகாது. அப்புறம் புதுசா ஒண்ணு, 2025-ல இருந்து அமெரிக்காவுக்கு வெளிய அட்ரஸ் வச்சிருக்கிற எஃப்ஏஏ சர்டிபிகேட்காரங்க எல்லாரும் அமெரிக்காவுல ஒரு ஏஜெண்ட பதிவு பண்ணியிருக்கணும், பழைய ஆளுங்களுக்கு கெடு 2025 ஜூலை 7. நோட்டீஸ் வந்தா வாங்கி வைக்க ஒரு ஆள், அவ்வளவுதான், ஆனா இல்லாம ஓட்டக்கூடாது. அமெரிக்காவுல அத்தை பையனோ மாமா பையனோ இருந்தா இப்ப தான் அவனுக்கு வேலை வந்திருக்கு.

ஸ்டெப் 6: பறக்கிற ரூல், மாட்டுற கருவி

அமெரிக்க விதியே சொல்லுது, வெளிநாட்டுல பறக்கும்போது அந்த நாட்டு விதியையும் மதிக்கணும்னு. யூனியன்ல குடியிருக்கிற ஆபரேட்டருக்கு சின்ன பிஸ்டன் பிளேன்னா பார்ட் என்சிஓங்கிற ஐரோப்பிய விதி. ஜெட்டுனா பார்ட் என்சிசி, அதுல மேனுவல், சேஃப்டி சிஸ்டம், அத்தாரிட்டிக்கு டிக்ளரேஷன்னு ஒரு ஆபீஸே நடத்தணும், ஜெட் வாங்குற அளவுக்கு இருக்கிறவங்க அதுக்கு ஆள் வச்சுக்குவாங்க, விடுங்க. என்சிஓல அமெரிக்காவுல கேக்காத சிலது கேப்பாங்க, உதாரணத்துக்கு ஃபர்ஸ்ட் எய்ட் கிட்.

ரேடியோ முக்கியம். 2018 ஜனவரியில இருந்து ஐரோப்பாவுல சேனலுக்கு சேனல் 8.33 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி இருக்கிற ரேடியோ வேணும், அமெரிக்காவுல 25 தான் வழக்கம், அங்க இருந்து வர்ற பழைய பிளேன்ல இது இருக்காது. பிளேன் எங்க இருக்குன்னு தானா அறிவிக்கிற ஏடிஎஸ்பிக்கும் அதே கதை, அமெரிக்காவுல 978 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு மலிவான கருவி மாட்டலாம், ஐரோப்பாவுல எல்லாம் 1090-ல ஓடுது, அந்த 978 இங்க வெறும் பளு. விலை பேசும்போதே இதை கழிச்சுக்கோங்க.

அமெரிக்காவுக்குள்ள மட்டும் ஓடுற பிளேனுக்கு தனியா ரேடியோ லைசன்ஸ் தேவையில்ல, அதனால விக்கிறவருக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. வெளிநாட்டுல ஓட்ட பிளேனுக்கு எஃப்சிசி, அதான் அமெரிக்க தகவல் தொடர்பு ஆணையம், குடுக்கிற ஸ்டேஷன் லைசன்ஸ் வேணும், 10 வருஷம் செல்லும், பைலட்டுக்கும் ஒரு பர்மிட் வேணும், அது ஆயுசுக்கும். விழுந்தா சிக்னல் அனுப்புற ஈஎல்டி பெட்டியில அமெரிக்க நாட்டு கோட் நம்பர் போட்டிருக்கணும், அமெரிக்காவோட நோவா அமைப்புல பதிவு பண்ணி ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கணும், அங்க குடுக்கிற போன் நம்பர் உங்க வீட்டு நம்பரா இருக்கட்டும், பழைய ஓனரோட நம்பர் இருந்தா நீங்க ஆல்ப்ஸ்ல விழுந்தா டெக்சாஸ்ல ஒருத்தருக்கு போன் போகும்.

ஸ்டெப் 7: மெயின்டனன்ஸ்

பிளேனோட உடம்பு மட்டும் முழுக்க அமெரிக்க சட்டம். வருஷத்துக்கு ஒரு ஆனுவல் இன்ஸ்பெக்ஷன், 12 காலண்டர் மாசம், அதாவது மார்ச் 5 முடிச்சா அடுத்த மார்ச் 31 வரைக்கும் செல்லும். ரேடாருக்கு பதில் சிக்னல் அனுப்புற டிரான்ஸ்பாண்டருக்கு டெஸ்ட் 24 மாசம், இன்ஸ்ட்ருமெண்ட் ஃப்ளைட்டுக்கு உயரம் காட்டுற ஆல்டிமீட்டர் டெஸ்டும் 24 மாசம்.

யார் கையெழுத்து போடுறாங்கங்கிறதுல தான் நாங்க அடி வாங்குனோம். அமெரிக்க மெக்கானிக் லைசன்ஸுக்கு ஏ அண்ட் பின்னு பேரு, ஆனா ஆனுவல்ல கையெழுத்து போட அதுக்கு மேல ஐஏன்னு ஒரு அதிகாரம் வேணும், அது தனியா புதுப்பிக்கணும். ஒரு ஒர்க்‌ஷாப், பேர் வேணாம், ஏ அண்ட் பி மட்டும் இருக்கிற ஒருத்தர வச்சு நல்லா தான் வேலை பார்த்தாங்க, கையெழுத்தையும் அவரே போட்டுட்டார், நாங்க யாரும் கவனிக்கல, அஞ்சு மாசம் ஓட்டிட்டோம். அடுத்த பங்குதாரர் சேர வந்தப்ப அவர் தான் லாக் புக்க புரட்டி கண்டுபிடிச்சார். அந்த அஞ்சு மாசமும் பிளேன் சட்டப்படி ஆனுவல் இல்லாம பறந்திருக்கு. மறுபடி முழு இன்ஸ்பெக்ஷன், மறுபடி காசு. அதனால வேலை குடுக்கிறதுக்கு முன்னாடி ஐஏ கார்ட காட்டச் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க, அதுல எக்ஸ்பைரி தேதியும் இருக்கும்.

மாடிஃபிகேஷன்னா ஐரோப்பிய அப்ரூவல் மட்டும் இருந்தா மாட்ட முடியாது, அமெரிக்க எஸ்டிசி, அதாவது அந்த மாற்றத்துக்கு எஃப்ஏஏ குடுத்த அப்ரூவல், வேணும், பெரிய மாற்றம்னா எஃப்ஏஏவுக்கு ஃபார்ம் 337 போகணும். பக்கத்து ஹாங்கர் ஜெர்மன் நம்பர் பிளேன்ல மாட்டியிருக்காங்கன்னு பார்த்து ஆசைப்படாதீங்க.

ஸ்டெப் 8: இன்சூரன்ஸ்

ஐரோப்பாவுல 785/2004-ங்கிற விதி நம்பர் பார்க்காது, எடைய பார்க்கும். சிர்ரஸ் எஸ்ஆர்22-க்கு அதிகபட்ச டேக்ஆஃப் எடை 1,633 கிலோ, அது 2,700 கிலோவுக்கு கீழ வர்றதால மூணாவது ஆளுக்கான கவர் குறைஞ்சது 30 லட்சம் எஸ்டிஆர், எஸ்டிஆர்ங்கிறது ஐஎம்எஃப் வச்சிருக்கிற கணக்கு நாணயம். பயணி தலைக்கு, தனிப்பட்ட உபயோகம்னா குறைஞ்சது 1 லட்சம் எஸ்டிஆர். பாலிசியில டிரஸ்டி பேர், உங்க பேர், எல்லா பங்குதாரர் பேரும் இருக்கான்னு பாருங்க.

ஸ்டெப் 9: பிளேன்ல ஒரு ஃபைல்

ரெஜிஸ்ட்ரேஷன், ஏர்வொர்தினஸ் சர்டிபிகேட், எஃப்சிசி லைசன்ஸ், இன்சூரன்ஸ், டிரஸ்டி கடிதம், வாட் கட்டுன பேப்பர், வெயிட் அண்ட் பேலன்ஸ், பிளைட் மேனுவல். முதல் ரெண்டும் ஒரிஜினல், வாட் பேப்பர் காப்பி போதும், ஒரிஜினல் வீட்டுல பூட்டி வைங்க, தொலைஞ்சா இறக்குமதி பண்ண நாட்டு சுங்கத்துறைக்கு நடையா நடக்கணும். மெயின்டனன்ஸ் லாக் புக்க பிளேன்ல வைக்காதீங்க, அது தொலைஞ்சா பிளேன் விலையில நல்ல பங்கு போயிடும்.

வாடகைக்கு விடுறது, காசு வாங்கி கத்துக் குடுக்கிறது மாதிரி ஐடியா இருந்தா இங்கயே நிறுத்துங்க, அதுக்கு நாட்டுக்கு நாடு தனி அனுமதி, என் ரெஜ் சொந்த உபயோகத்துக்கு மட்டும் தான் நிம்மதி.

இவ்வளவும் படிச்சிட்டு "பேசாம ஜெர்மன் நம்பருக்கே மாத்திடலாமே"ன்னு தோணுனா, அதுவும் நியாயமான யோசனை தான். அமெரிக்க ரெஜிஸ்டர்ல இருந்து நீக்கி, எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்கி, இங்க புதுசா இன்ஸ்பெக்ஷன் வச்சு மாத்தலாம். பிளேன்ல அமெரிக்க அப்ரூவல் மட்டும் இருக்கிற மாடிஃபிகேஷன் நிறைய இருந்தா ஒவ்வொண்ணுக்கும் ஐரோப்பிய அப்ரூவல் தேடணும், கிடைக்காததை கழட்டணும், செலவு அதுல தான் எகிறும். எங்க பிளேன்ல அப்படி ஆறு இருக்கு. அதனால இந்த வருஷமும் என் நம்பர்லயே விட்டுட்டோம், டிரஸ்டி பில்லு போன வாரம் தான் வந்துச்சு.